ஒப்பந்தத்தில் இல்லாத வேலை

மாடு மாதிரி உழைத்துவிட்டு, அதை நாலு பேரிடம் எடுத்துச் சொல்லத் தெரியாத ஆள் யார் என்று கேட்டால், என் கூட்டாளி அனந்தராமனைத்தான் கை காட்டுவேன். மனுஷன் தங்கம். மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து வளர்ந்தவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச விட்டால், நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற மாதிரி எதையாவது பேசி வைப்பார்.

நானும் அவரும் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். என் பெயர் ஷகீலா. சண்டைக்காரி என்று சொல்வார்கள், பொய்யில்லை. நந்தனத்தில் ஓர் ஓய்வூதிய அலுவலகம் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அங்கே நாளைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் எங்கள் கையில். பென்ஷன் வாங்குகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை, தாம் உயிரோடு இருப்பதாக விரல்ரேகை வைத்துப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அடுத்த மாதம் பென்ஷன் நின்றுபோகும். அந்தப் பதிவு நடக்கிற மென்பொருள் நாங்கள் எழுதியது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மென்பொருள் நன்றாக இருந்து என்ன செய்ய? முதல் வருடம் அந்த அலுவலகத்துக் கூடம் திருவிழாக் கூட்டமாகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் ஏற்காது. வரிசை ரோடு வரை நீளும். வெயிலில் ஒரு தாத்தா மயங்கி விழுந்த அன்று, எங்கள் அலுவலகத்தில் ஒரு உதவித் தொலைபேசி வைத்து, பேசுவதற்கு இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருத்தி மஹதி, மயிலாப்பூர்ப் பெண். இன்னொருத்தி அதீபா, மீர்சாகிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டில் அக்காவைக் கூப்பிடுவது போல என்னை ஆபா என்பாள். முதலில் இருவரும் வருகிற போனை எடுத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதீபாதான் ஒரு யோசனை சொன்னாள். பெரியவர்கள் அழுதுகொண்டு போன் செய்கிற வரை ஏன் காத்திருக்க வேண்டும், அவரவர் முறை வருவதற்கு முந்தின மாதமே நாமே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, ரேகை தேய்ந்தவர்கள் வீட்டுக்கே ஆள் போக ஏற்பாடும் செய்துவிடலாமே என்றாள். அன்றிலிருந்து அதுதான் அவர்கள் வேலை. அடுத்த வருடம் நந்தனத்தில் வரிசை என்று ஒன்றே இல்லை.

இத்தனைக்கும் அவர்கள் சம்பளம் எங்கள் கைக்காசு. அதற்கு மேல் எங்களால் இழுக்க முடியவில்லை. அதனால் இந்த உதவியையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, தொகையை உயர்த்தித் தரச் சொல்லி மனுப் போட்டோம். உயர்த்தினால் இருவருக்கும் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் இருவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மூடி மறைக்காமல் அவர்களிடமே சொல்லிவிட்டேன்.

மனுவைப் பார்க்க அந்த அலுவலகத்தின் குழு கூடியது. நிதி அதிகாரி சுயம்புலிங்கம் அந்த வருடம்தான் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாம் வாங்கித் தருகிற டீயைக்கூடத் தொட மாட்டார். அப்படிப்பட்டவரிடம் அனந்தராமன் எழுந்து, திரையில் படம் போட்டு, புகார்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டு மறுபடியும் அதையே சொன்னார்.

சுயம்புலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "புகாரே வரலைன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்ப தொகையைக் குறைக்கத்தான செய்யணும்? கூட்டிக் கேக்கீங்களே" என்றார்.

பிறகு, இந்தத் தொலைபேசி வேலை ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லாத வேலையை யார் செய்யச் சொன்னது என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் சார் என்று மட்டும் கேட்டேன். வருவதாகச் சொன்னார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அனந்தராமனை நான் திட்டாத திட்டு இல்லை. பாவம், ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அதீபாவிடம், இன்றோடு போனை நிறுத்து, ஒரு மாதம் வரிசை ரோட்டுக்கு வரட்டும், அந்த ஆள் தானாக ஓடி வருவார் என்றேன். கோபத்தில் சொன்னாலும் நிஜமாகத்தான் சொன்னேன்.

அவள் மாட்டேன் என்றாள். "சண்டை நமக்கும் அவருக்கும் ஆபா. அதுக்குப் பெருசுங்க ஏன் வெயில்ல நிக்கணும்?"

சுருக்கென்றது. வேலை போகப் போகிறவள் அவள். என்னைவிட அவளுக்குத்தான் கோபம் வந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று நினைத்தபோது, அவ்வளவு ஆத்திரத்திலும் எனக்குக் கர்வமாக இருந்தது.

மறு வாரமே சுயம்புலிங்கம் வந்துவிட்டார். வண்டி இல்லை, கூட ஆள் இல்லை, ஜவுளிக்கடைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். தண்ணீர் கொடுத்தோம், அதை மட்டும் குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உதவித் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தார். அது அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அந்த மாத ஆட்களை எல்லாம் போன மாதமே கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. அடுத்த மாத ஆட்களைத்தான் இரு பெண்களும் கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அனந்தராமனுக்கு வியர்த்துவிட்டது. என்னைத் தண்ணீர்க் கேன் வைத்திருக்கும் மூலைக்கு இழுத்துப் போய், "ஷகீலா, ஆத்துக்குச் சொல்லி சுப்புலக்ஷ்மியை இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லட்டுமா? யாரோ பென்ஷன்தாரர் மாதிரி ரெண்டு தரம் பேசிண்டிருந்தாள்னா போறும்" என்று கிசுகிசுத்தார்.

சுப்புலக்ஷ்மி அவர் மனைவி. பேசச் சொன்னால் பிரமாதமாகப் பேசுவாள். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. பிறகு, நம் வேலையில் ஓட்டை இருப்பதாகப் பொய் சொல்லியா நல்ல வேலைக்குக் காசு கேட்பது, பேசாமல் இருங்கள் சார் என்று அவரை அடக்கினேன்.

அதற்குள் சுயம்புலிங்கம் என்னைக் கை காட்டி அழைத்தார். அதீபா யாரிடமோ உடம்பு எப்படி இருக்கிறது, கால் வீக்கம் குறைந்ததா, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் நேரத்தில் சொந்தக்காரர்களோடு பேசுகிறார்களா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள் சார் என்றேன்.

"அடுத்த மாசம் உங்க முறை நைனா" என்று அதீபா சொல்லிக்கொண்டிருந்தாள். "போன வாட்டி வெரல் பதியலேன்னு ரெண்டு தபா அலைஞ்சீங்க இல்ல? இப்ப அலைய வேணாம். வூட்டுக்கே ஆள் வரும். மூஞ்சியை போன்ல காட்டினா போதும், வேலை முடிஞ்சிது."

சாந்தோம் குப்பத்துப் பெரியவர் அவர். அடுத்ததாக அமீனா பீ என்ற அம்மாளிடம் அதீபா உருதுவில் பேசினாள். பக்கத்தில் மஹதி ஒரு மாமியிடம், வெயிலில் கிளம்பிவிடாதீர்கள், எந்தப் பேப்பரும் தேடவேண்டாம் என்று அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எல்லாரையுமா கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரையும்தான் என்றேன். தம் அலுவலகத்தில் பழைய ஆளான ஜெயஸ்ரீ என்ற கண்காணிப்பாளரை அங்கேயே போனில் பிடித்து, முதல் வருடம் கூட்டம் எப்படி இருந்தது என்று விசாரித்தார். அந்த அம்மாள் வெகுநேரம் பேசினார். இவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, தான் வந்ததிலிருந்து கூடம் காலியாகத்தான் இருக்கிறது, எப்போதுமே அப்படித்தான் போல என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். அதை ஒளிக்காமல் சொன்னாரே, அதற்காகவே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

அப்புறம் ஒரு வழி சொன்னார். ஃபைலில் எழுத ஓர் எண்ணிக்கை வேண்டும். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் இவ்வளவு என்று போட்டுவிடலாம். தணிக்கையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் வருடத்து அளவுக்கு அழைப்பு வந்தால், நாங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அனந்தராமன் முகத்தில் பல்பு எரிந்தது. மஹதி பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"வேணாம் சார்" என்றேன். "போன் அடிச்சாத்தான் காசுன்னு ஆயிட்டா, முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்றதை நாங்களே மெதுவா விட்டுடுவோம். நாங்க நல்லவங்கதான். ஆனா வாடகை கட்டணும் இல்ல?"

சொல்லிவிட்டேனே தவிர, கையில் வந்த சோற்றைத் தட்டிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. என் ஒருத்தி சோறு இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களின் சோறு. அனந்தராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சுயம்புலிங்கம் அந்தத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு அதீபா பக்கம் திரும்பி, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், வழி தெரியாதவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் வந்ததுலேருந்து இது ஒரு தடவகூட அடிக்கலியேம்மா. அடிக்காத போனுக்குப் பணம் குடுங்கன்னு நான் எப்படி எழுத?"

"அது அடிக்காம இருக்கத்தான் சார் காசு" என்றாள் அதீபா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அடுத்த குழுவில் அனந்தராமனை நான் வாயைத் திறக்கவே விடவில்லை. அவசியமும் இருக்கவில்லை. எங்களுக்காகப் பேசியது சுயம்புலிங்கம்தான். நாங்கள் கேட்ட தொகை அப்படியே உயர்ந்தது, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆணை கைக்கு வந்ததும் அதீபாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். உயர்த்தியதற்கான காரணம் என்ற இடத்தில், ‘அழைப்புகள் எழாதிருக்கச் செய்தலே இப்பணியின் நோக்கமாகும்’ என்று இருந்தது.

அவள் இரண்டு தரம் படித்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். நீ சொன்னதைத்தான்டி கவர்மென்ட் தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் இவ்வளவு அழகாகவா பேசினேன் என்று தன்னையே கிண்டல் செய்துவிட்டு, அடுத்த நம்பரைப் போடப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்கத் தலை கால் புரியவில்லை.