இறப்புக்கு மட்டும் அனுமதி

...செத்தால் விடுவார்களாம், சாகக் கிடந்தால் விடமாட்டார்களாம், இது எந்த ஊர் நியாயம் என்று முகக்கவசத்துக்குள்ளேயே முணுமுணுத்தபடி அவள் ஸ்கூட்டரைக் காலால் உந்திக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அண்ணன் வீட்டில் அப்பா, நடுவில் இரும்புத் தடுப்பும் ஒரு போலீஸ்காரரும். நேற்றும் இதே வரிசை, இதே வெயில், இதே மனிதர். அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க, ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன் என்று கெஞ்சியதற்கு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "துக்கத்துக்குன்னா விடலாம்மா, உடம்பு சரியில்லாதவங்களைப் பார்க்கவெல்லாம் விட முடியாது" என்றார். இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்கு அப்பா அம்மா உண்டா, இல்லை நேரே நாற்காலியில்தான் பிறந்தாரா? ஊரடங்கு விதி எல்லாமே இந்த லட்சணம்தான், அவளுடைய அழகு நிலையத்தில் முடி வெட்டலாமாம், புருவம் திருத்தக் கூடாதாம், கிருமி புருவத்தில் மட்டும்தான் வந்து உட்காருமா... சாயங்காலம் கடையை மூடிவிட வேண்டுமாம், அதுவரை கிருமிக்கும் ஓய்வு போலிருக்கிறது... வீட்டில் இதைச் சொன்னால், கத்தாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்கிறார் கணவர், கேட்கட்டுமே, அவர்களும் உள்ளே உட்கார்ந்து இதையேதான் கத்துகிறார்கள்.

சரி, செத்துவிட்டார் என்றே சொல்லிவிட வேண்டியதுதான். காலையில் பல் தேய்க்கும்போது வந்த யோசனை, வந்ததும் சீ என்றுதான் இருந்தது, வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அதைவிட்டால் வேறு வழியில்லை என்று பட்டது. ஒரு வார்த்தைதானே, வார்த்தையால் யாராவது செத்திருக்கிறார்களா? அப்பா கேட்டால் சிரிப்பார். பள்ளிக்கு மட்டம் போட அவள் இல்லாத பெரியப்பாவை எல்லாம் சாகடித்தபோது, "அடுத்த வாரத்துக்கு யாரை வச்சிருக்கே?" என்று கேட்டவர்தானே... ஆனால் சிரிக்க இப்போது மூச்சு இருக்கிறதா அவருக்கு? "நீ எப்போம்மா வர்றே" என்று போனில் கேட்டு முடிக்கவே இரண்டு தரம் நின்று நின்று பேசினார். முன்னால் இன்னும் ஒரு வண்டிதான். துக்க வீட்டுக்குப் போகிறவள் கண்ணில் மையா... அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். போன் அடித்தது, அண்ணி.

"பயப்படாதே, இப்பப் பரவாயில்லை, எழுந்து உட்கார்ந்துட்டார், ரெண்டு வாய் சாப்பிட்டார், உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். நீ வெயில்ல வந்து நிக்காதே, சீக்கிரமே தளர்வு வந்துடும்னு சொல்றாங்க." வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது எரிச்சல், இந்த நேரம் பார்த்தா, இவ்வளவு தூரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகா... ஐயோ, என்ன நினைத்தேன் நான், அப்பா பிழைத்து உட்கார்ந்தது எனக்கு இடைஞ்சலா? சரிங்க அண்ணி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். எதிரில் போலீஸ்காரர் நின்றார், நேற்று வந்தவள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். "அப்பா..." என்றாள், அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேத்தே விட்டிருக்கணும்மா நான்," என்றார். இத்தனை நேரம் திட்டித் தீர்த்தது இந்த ஆளையா, கண்ணெல்லாம் சிவந்து, முகக்கவசக் கயிறு காதை அறுத்துப் புண்ணாகி... தடுப்பை அவரே இழுத்து வழிவிட்டார். "பார்த்து மெதுவா போங்கம்மா." வண்டி பாலத்தில் ஏறியபோதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது, அப்பா பரவாயில்லை என்று கேட்டபோது வராத அழுகை, அவர் தொப்பியைக் கழற்றியதும் வந்திருக்கிறது, நடிப்பும் இல்லை, நிஜமாகவே தேம்பித் தேம்பி... துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. இந்த முகத்தோடு போய் வாசலில் நின்றால், எழுந்து உட்கார்ந்திருக்கும் மனிதர், ஏம்மா அழறே, யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்பார்.