வரிசையில் ஓய்வு

விடிகிற நேரத்தில் பரீதின் லாரி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. போடியிலிருந்து மலையிறங்கி வந்த வண்டி. ஸ்டியரிங் பிடித்த கை மரத்துப் போய், முதுகுச் சட்டை சீட்டோடு ஒட்டிக் கிடந்தது. சுக்கு வாசனையும் காயல் நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின. முன்னால் கிடங்கு வரைக்கும் லாரிகள்.

ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான். முதலாளி வெங்கிடாசலம் அதற்கும் வழி கண்டுவிட்டார்: கிடங்கு வரிசையில் காத்துக் கிடப்பதே ஓய்வாம். என்ன ஓய்வு! கண் சொருகும்போதுதான் முன்வண்டி நகரும். நாம் நகராவிட்டால் போலீஸ்காரன் லத்தியால் பானெட்டைத் தட்டுவான். வழியில் ஓரங்கட்டலாமென்றால் எங்கேயும் இடம் கிடையாது.

பரீதுக்கு முன்னால் நீலகண்டனின் வண்டி. அவன் பம்பரில் துண்டைக் கட்டிவிட்டு, அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தான். துண்டு கட்டியிருந்தால் கீழே ஆள் உறங்குகிறான், வண்டியைத் தொடாதே என்று பொருள். டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் குமாஸ்தாவுக்குத் தெரியாது. வண்டியை நகர்த்தச் சொல்லிப் போலீஸ்காரன் கத்தியதும் குமாஸ்தா அவசரமாக நீலகண்டனின் வண்டியில் ஏறி பிரேக்கை விட்டான். துண்டைக் காயப் போட்டிருக்கிறது என்று நினைத்தானாம்.

அலறல் கேட்டு பரீதும் பின்வண்டி டிரைவர் முப்பிடாதியும் ஓடினார்கள். நீலகண்டனின் கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிக் கிடந்தது. கைவண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாளைக்கு இது தன் காலாகவும் இருக்கலாம் என்று பரீத் நினைத்தான்.

வெங்கிடாசலம் கிடங்கிலிருந்து வெளியே வந்தார்.

"ஆஸ்பத்திரிச் செலவை நீங்க ஏத்துக்கணும் மொதலாளி" என்றான் பரீத்.

"நான் எதுக்குடோ? அவன் உறங்கீட்டிருந்தான். ஓய்வு நேரம். டூட்டியிலே இல்லை, கேட்டியா? போய் வண்டியை எடு, வழி அடைஞ்சு கிடக்கு."

"அப்போ இந்த லைன்ல நிக்கறது ஓய்வுதானா?"

"பின்னே? லேபர் இன்ஸ்பெக்டர்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

"செரி மொதலாளி."

பரீத் தன் வண்டியின் சாவியை உருவி மடியில் செருகினான். வேலை போய்விட்டால் வீட்டில் மனைவி லதீஃபாவிடம் என்ன சொல்வது? ஆனாலும் முன்சக்கரத்தை ஒட்டிச் சாக்கை விரித்து நீட்டிப் படுத்துவிட்டான்.

"எடோ, என்ன இது?"

"ஓய்வாக்கும் மொதலாளி. நீலகண்டனுக்கு ஒரு வழி சொல்லுங்க. வண்டியை ஓரங்கட்டி உறங்க எங்களுக்கு ஒரு இடம் காட்டுங்க. அதுவரை ஓய்வுதான்."

பின்னால் ஒவ்வொரு இன்ஜினாக அடங்கியது. கடைத்தெரு இப்படி ஓசையற்றுக் கிடந்து பரீத் கண்டதில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. வெங்கிடாசலம் ஸ்டேஷனுக்கு ஆளனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் தரை வழியாகக் காதுக்குள் இறங்கியது. எழுந்துவிடப் பரீதின் கால்கள் தாமாகவே மடங்கின.

"எந்திரிச்சிராதீக அண்ணே" என்றது பின்வண்டிச் சக்கரத்தடியிலிருந்து முப்பிடாதியின் குரல். "நானும் கெடக்கேன். எனக்குப் பின்னாலயும் ஆளு கெடக்கு."