இருநூற்றுப் பன்னிரண்டாம் படி

சாயங்காலம் நாலு மணி பஸ் புறப்படும் வரை ரத்தினம்மாள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு. வண்டியில் வரும்போதே அவள் கணவர் ராஜமாணிக்கம் இதை மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாம் முறை சொன்னபோது பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். அன்றைய முதல் விழுங்கல் அது.

மகள் தமயந்திக்கு ஏற்கனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில் மாப்பிள்ளையின் மாமா காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றார். ரேஷன் சர்க்கரை, வேண்டுமானால் உங்கள் கார்டைக் கொடுங்கள், வாங்கிவந்து போடுகிறேன் என்றாள் ரத்தினம்மாள். இரண்டாம் இடத்தில் பெண்ணைப் பாடச் சொன்னார்கள். முதலில் பையன் பாடட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றாள். இரண்டு வீட்டாரும் தரகர் துளசிங்கத்திடம் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்பினார்கள். பொண்ணு தங்கம், தாய்க்காரி வாய்தான்.

இது மூன்றாவது இடம். பொதட்டூர்பேட்டைப் பக்கம். நிலம் உண்டு, கிணறு உண்டு, ஒரே பையன். மார்கழியில் பெண் பார்க்கும் வழக்கம் இல்லை. தை பிறக்கும்வரை காத்திருக்கலாம் என்றால், தை முதல் வாரமே மணவூரில் வேறொரு பெண்ணைப் பார்க்க அவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் தமயந்தி அவர்கள் கண்ணில் பட்டால் உண்டு. துளசிங்கம் ஒரு வழி சொன்னார். பார்ப்பதற்குத்தான் மாதம் பார்க்க வேண்டும். கண்ணில் படுவதற்கு யார் மாதம் பார்க்கிறார்கள்? முப்பத்தொன்றாம் தேதி படிப் பூஜைக்கு நீங்களும் மலைக்குப் போவீர்கள், அவர்களும் வருவார்கள். உங்கள் படி இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் தற்செயலாக வந்து நிற்பார்கள். நீங்கள் யார், எந்த ஊர் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தற்செயல் கெட்டுப்போகும்.

திருத்தணி மலைக்குப் படி முந்நூற்று அறுபத்தைந்து. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் கடைசி நாளில் படிக்கு ஒரு குடும்பம் நிற்கும். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமமும் பூவும் வைத்துக் காத்திருக்கும். பஜனை கோஷ்டி அடிவாரத்திலிருந்து படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறி வரும். தன் படியில் வந்து நிற்கும்போது கற்பூரம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வர எப்படியும் பிற்பகல் ஆகும். அதுவரை பனி, பிறகு வெயில்.

அடிவாரத்தில் ரத்தினம்மாள் பூ வாங்கினாள். பூக்காரி முழங்கையை மடக்கிக்கொண்டு முழம் போட்டாள். ரத்தினம்மாள் அந்த முழங்கையைப் பார்த்தாள், கணவர் முகத்தைப் பார்த்தாள், விழுங்கினாள். ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் விழா நடத்துகிற ஆறுமுகம் வாத்தியாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வாத்தியார் கையில் சுண்ணாம்புக்கட்டி இருந்தது. திரும்பி வந்தபோது ராஜமாணிக்கத்தின் முகம் சரியில்லை.

"இன்னா சொன்னாரு வாத்தியாரு?"

"ஒண்ணும் இல்ல. குளிர் ஜாஸ்தின்னாரு."

அதைச் சொல்ல வாத்தியாரா வேண்டும்? விழுங்கினாள்.

அவர்கள் படியை எண்ணிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இடது மூலை உடைந்த கல். மாமனார் காலத்திலிருந்து அதே கல். ரத்தினம்மாள் கல்யாணமாகி வந்த வருஷம் முதல் அந்த மூலையில் கால் விரலை இடித்துக்கொள்ளாத டிசம்பர் கிடையாது. இந்த வருஷமும் இடித்துக்கொண்டாள். இது கல் என்பதால் விழுங்க வேண்டிய அவசியம் இல்லை. திட்டினாள். மனது கொஞ்சம் லேசானது.

கீழ்ப்படியில் இந்த வருஷம் யாரோ புது ஆட்கள், ஏற்கனவே வந்து கல்லைக் கழுவிவிட்டிருந்தார்கள். பருத்த உடம்புக்காரி ஒருத்தி, தண்ணீர்த் தவலையைச் சுமந்துகொண்டு நெட்டையாக ஒரு பையன். இரண்டே பேர். ஆனால் பத்துப் பேருக்குக் கூடை. அந்தக் கூடையை அவள் ரத்தினம்மாளின் படிமேல் ஏற்றி வைத்திருந்தாள். ரத்தினம்மாள் அதைக் காலால் ஓர் அங்குலம் தள்ளினாள். அவள் கையால் ஓர் அங்குலம் திருப்பி வைத்தாள். ராஜமாணிக்கம் இருமினார்.

"மப்ளர நல்லா சுத்துங்க. பனி தலைல எறங்குது."

அவர் சுற்றிக்கொண்டார். மறுபடியும் இருமினார். கண்ணால் கீழ்ப்படியைக் காட்டினார்.

"தெரியுது, தெரியுது. கூடதானே? நான் ஒண்ணும் கேக்கல, போதுமா?"

தமயந்தி நீலப் பட்டில் நின்றாள். நில் என்றால் நிற்பாள், உட்கார் என்றால் உட்காருவாள். பேச்செல்லாம் தாய்க்கே போய்விட்டதால் அவளுக்கு மிச்சமில்லை என்று ஊரில் சொல்வார்கள். ரத்தினம்மாள் அவளை நன்றாகத் தெரியும்படி படியின் நடுவில் நிறுத்தினாள். பிறகு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அப்பா, அம்மா, பையன். மூன்று மூன்றாக எத்தனையோ பேர் ஏறினார்கள். ஒவ்வொரு மூவரும் பக்கத்தில் வரும்போது அவள் முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்தாள். மூவரும் தாண்டிப் போவார்கள். சிரிப்பை இறக்கிவைப்பாள். பதினொரு மணிக்குள் தாடை வலித்தது.

கீழ்ப்படி நெட்டையன் வேறு தமயந்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். தவலையைச் சாய்க்கும்போது பார்த்தான், நிமிர்த்தும்போது பார்த்தான். ரத்தினம்மாள் மகளை இழுத்து மறுபக்கம் நிறுத்தினாள். அவன் தவலையோடு மறுபக்கம் போனான். நாளும் இடமும் பார்த்து வருகிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் கண்ட தடிப்பயலும் பார்த்து முடித்துவிடுவான் போலிருக்கிறது. வந்தது நல்ல பேச்சு. விழுங்கினாள். ராஜமாணிக்கம் இருமினார்.

"மணி இன்னா?" என்றாள்.

"பன்னெண்டு இருக்கும்."

"எங்க அவங்க?"

"வந்துகினு இருப்பாங்க," என்றார் அவர் மலையைப் பார்த்து. "வந்திருந்தாலும் வந்திருப்பாங்க."

"இது ஒரு பேச்சா? வந்திருந்தா தெரியாதா? எனக்கு கண்ணு இல்ல?"

பஜனை நூற்றெண்பதாம் படிக்கருகில் கேட்டது.

ஒரு மணிக்கு எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்தது. பழத்தை எடுத்துக்கொண்டு, ஈர மஞ்சளில் நான்கு காலையும் பதித்துவிட்டுப் போயிற்று. காலையிலிருந்து பூசி வைத்த படி. ரத்தினம்மாள் செம்பை எடுத்தாள். மூன்று செம்பு ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் உடைந்த மூலை வழியாகக் கீழ்ப்படிக்கு இறங்கியது. அங்கே அந்தப் பருத்தவள் குந்திக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கண்ணு தெரியில? நான் கோலம் முடிக்கல, அதுக்குள்ள ஏரிய தொறந்து வுடறியே!"

ராஜமாணிக்கம் பலமாக இருமினார்.

"தண்ணி மேல ஏறாதும்மா," என்றாள் ரத்தினம்மாள். அவள் கணக்கில் அது மரியாதையான பதில்.

"ஏறாதுன்னு எனக்குந் தெரியும். நிறுத்தி ஊத்தறது."

"நிறுத்தறதுக்கு அது இன்னா மாடா?"

"இந்தா மே," என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. "சும்மா இரேன். அவங்க..."

"நீங்க இருங்க. காலைலேந்து சும்மாதான் கீறேன். கூடய தூக்கி நம்ம படில வெச்சா, கேட்டனா? இது கோலமாம். கோழி கிளறினா மாதிரி கீது. அது அழிஞ்சி போச்சின்னு ஊர கூட்டறா."

பருத்தவள் எழுந்து நின்றாள். ஒரு படி கீழே நின்றும் அவள் தலை ரத்தினம்மாளின் தலைக்கு நேராக இருந்தது.

"கோழியா? எங்கூர்ல வந்து கேளு, மங்கம்மா கோலம்னா இன்னான்னு. நானும் காலைலேந்து பாக்கறேன். பொண்ணுக்கு பட்டு சுத்தி நட்ட நடுவுல நிறுத்தி வெச்சிகினு. படிக்கு பூஜையா, பொண்ணுக்கு பூஜையா?"

"பெத்தவ நான். நிறுத்துவேன். உம் பையன் கண்ண இன்னாத்துக்கு அங்கியே குத்த வெச்சிகினு கீறான்? மொதல்ல அவன் கண்ண கழுவு. அப்பால படிய கழுவலாம்."

நெட்டையன் தவலையைக் கீழே வைத்தான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ராஜமாணிக்கத்தைப் பார்த்தான். அவர் இருமலை நிறுத்திவிட்டிருந்தார்.

பேச்சு அத்தோடு நிற்கவில்லை. கூடை வந்தது, குரங்கு வந்தது, எந்த ஊரில் எந்த மாதிரி பெண்கள் இருக்கிறார்கள் என்பது வந்தது. மேலும் கீழும் நான்கு படிக்காரர்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மங்கம்மாள் கையை வீசியபோது மடியில் முடிந்திருந்த கற்பூரம் தெறித்துத் தண்ணீரில் விழுந்து, அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் உருண்டு போயிற்று. ஜப்பான்காரன் சண்டை தொடங்கியதிலிருந்து கற்பூரம் கண்ணில் காண்பது அபூர்வம். வீட்டுக்கு ஒரு வில்லை கிடைத்தால் அதிகம்.

தாளச் சத்தம் பக்கத்தில் கேட்டது. கோஷ்டிக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு துளசிங்கம் ஏறி வந்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட! நான் வரதுக்குள்ள சம்பந்திங்க பேச ஆரம்பிச்சிட்டீங்களா? நான் வீணா பயந்துகினே வந்தேன்."

மங்கம்மாள் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"எது சம்பந்தி?" என்றாள் மங்கம்மாள்.

"தோ, இவங்கதான். பொண்ணோட அம்மா. இது கங்காதரன், பையன். பெரியவரு முட்டி வலின்னு கீழ மண்டபத்துல குந்திட்டாரு. சரி, நீங்க ஏன் இந்தப் படில நிக்கறீங்க?"

"இருநூத்திப் பன்னெண்டுன்னு நீதானேய்யா சொன்னே? சுண்ணாம்புல எழுதி இருந்திச்சி. ஆள காணோம், வர வரைக்கும் சும்மா இருப்பானேன்னு கழுவி வெச்சேன்."

"இருநூத்திப் பன்னெண்டு இதுதான்," என்றாள் ரத்தினம்மாள், தன் கல்லைக் காலால் தட்டி. குரல் பாதியாகிவிட்டிருந்தது.

பாட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஆறுமுகம் வாத்தியார் முன்னால் வந்தார். அவருக்குச் சொல்ல வாய்ப்பு கிடைத்ததில் சந்தோஷம்.

"அது பழைய கணக்கும்மா. வர வருஷம் நாப்பத்தி நாலு. முந்நூத்தி அறுபத்தாறு நாள். படி ஒண்ணு கொறையுது. நாப்பதுல யாருக்கும் தோணல. இந்த தடவ நான் அடிவாரத்துக் கல்லையும் சேத்து ஒண்ணுன்னு எழுதிட்டேன். எல்லாருக்கும் ஒரு எண்ணு தள்ளிப் போச்சி. உங்க படி இப்ப இருநூத்திப் பதிமூணு. காலைலியே உங்க வூட்டுக்காரர் கிட்ட சொன்னேனே?"

ரத்தினம்மாள் கணவரைப் பார்த்தாள்.

"காலைலியேவா?"

"சொன்னா நீ அங்கியே வாத்தியார கத்துவே," என்றார் ராஜமாணிக்கம். "மேல வந்து கீழ்ப்படில எண்ண பாத்ததும் அவங்கதான்னு தெரிஞ்சி போச்சி. அவங்க எதிர்லியே எப்படி சொல்றது? அதான் இருமினேனே."

எத்தனை விழுங்கினாள் என்பது ரத்தினம்மாளுக்கு மறந்துபோயிற்று. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் நின்றது. மணவூர்ப் பெண்ணுக்கு அவளே மாலை கட்டிக் கொடுத்துவிட்டாள். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"கற்பூரம் எங்க?" என்றார் வாத்தியார். "பாட்டு முடியப் போவுது. ஏத்தாத படிய எப்படி தாண்டறது?"

மங்கம்மாள் மடியைத் தடவினாள். தண்ணீரைப் பார்த்தாள். ரத்தினம்மாள் தன் கற்பூர முடிச்சைத் தேடினாள். முடிச்சு அங்கே இல்லை. அது தமயந்தி கையில் இருந்தது.

தமயந்தி பட்டுப்புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு கீழ்ப்படியில் குந்தினாள். வில்லையை நகத்தால் இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைக் கோலம் அழியாமல் மிஞ்சியிருந்த இடத்தில் வைத்தாள். இன்னொரு பாதியைப் பார்க்காமலே மேல்படியில் தாயின் கால் பக்கம் வைத்தாள். தீக்குச்சி கிழித்தாள். காற்று அடித்தது. கங்காதரன் தவலையை நகர்த்தி மறைப்பாக வைத்தான். மங்கம்மாளின் முந்தானை அதன்மேல் தொங்கியது.

"நவுருங்க அத்தே," என்றாள் தமயந்தி. "பொடவைல பத்திக்கும்."

மங்கம்மாள் நகர்ந்தாள். சுடர் நின்றது. பாட்டு முடிந்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோஷ்டி ஒரு படி ஏறியது. எரிகிற பாதியில் இன்னொரு தீக்குச்சியைக் காட்டித் தமயந்தி மற்றப் பாதியையும் ஏற்றினாள். விரல் சுட்டதும் உதறினாள்.

இரண்டாம் பாட்டு முடியும்வரை மங்கம்மாள் தமயந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாளுக்கு அதுவே பயமாக இருந்தது.

"பொண்ணு பேசாதுன்னு துளசிங்கம் சொன்னான்," என்றாள் மங்கம்மாள் கடைசியில்.

"பேசாதுதான்."

"பேசிச்சே."

"இன்னிக்கிதான்."

"எங்க வூட்ல நான் ஒருத்தி பேசறது போதும்னுதான் பேசாத பொண்ணா தேடினு இருந்தேன்." அவள் கூடையை எடுத்துத் தன் படியில் வைத்துக்கொண்டாள். ரத்தினம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "பேசினா ஒரு வார்த்தைதான் பேசுது. அது தேவலாம். நீங்களும் நானும் மாதிரி இல்ல."

ரத்தினம்மாளுக்குப் பதில் வந்தது. நல்ல பதில். விழுங்கினாள்.

"மணவூருக்கு போவ வேணாம்னு சொல்லிடறேன்," என்றாள் மங்கம்மாள். "தை பொறந்ததும் மொறையா வரோம். ஆனா ஒண்ணு. உங்க வூட்டுக்கு எத்தினி படி, நாங்க எந்தப் படில நிக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க."

தமயந்தி எழுந்து சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டாள். கங்காதரன் தவலையில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் விரலுக்கு ஊற்றினான். தண்ணீர் கீழே இறங்கிக் கோலத்தின் மிச்சத்தையும் கொண்டுபோயிற்று. இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் இருமினார்.

ரத்தினம்மாள் சட்டென்று திரும்பினாள். "இப்ப இன்னா? இன்னும் இன்னா மறைச்சி வெச்சிகினு கீறீங்க?"

"ஒண்ணும் இல்ல மே," என்றார் அவர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு. "காலைலேந்து இருமி இருமி, இப்ப நெசமாவே வந்துடிச்சி."