விருந்தாளிக்கு ஓர் இலை

சொக்கப்பனுக்கு மலாக்கா பிடிக்கவே இல்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் படிக்கப் போகிறேன் என்று காரைக்குடி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுக் கப்பல் ஏறியவன்; பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு எழுதவும் முடியாது. மழை நினைத்த நேரத்தில் கொட்டியது. வேட்டி காயவில்லை. தெருவில் நாலு பாஷை கேட்டது, நாலும் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார வாத்தியார் கூப்பிட்ட விதத்தில், அது தன் பெயர்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போதாக்குறைக்கு, தங்கிய வீடு. பண்டார் ஹிலிரில் லேவாதேவி நடத்திவந்த தாய்மாமன் சோமசுந்தரம் செட்டியார், கடைச் சத்தத்தில் பையன் படிப்பு கெட்டுப்போகும் என்று காஜா பெராங்கில் பூங்காவனம் என்ற அம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பூங்காவனம் மலாக்கா செட்டி வகையறா. செட்டி என்ற பேரைக் கேட்டு நம்ம ஆட்கள் என்று நம்பித்தான் போனான் சொக்கப்பன். போய்ப் பார்த்தால் நெற்றியில் திருநீறு, சாமி அறையில் மாரியம்மன், இடுப்பில் சாரோங், வாயில் மலாய். பல தலைமுறைக்கு முன்னால் வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, ஊரோடு ஊராகிப்போன கூட்டம் அது. தமிழ் என்று அவர்களிடம் மிச்சமிருந்தது சாமி பெயர்களும் கொஞ்சம் சொற்களும்தான். நம்ம பிள்ளைக்குக் கோபம் கோபமாக வந்தது. தமிழ் தெரியாதவர்கள் எதற்குத் திருநீறு பூசுகிறார்கள் என்று மாமனிடம் போய் நியாயம் கேட்டான்.

"நீ இங்கிலீசு படிக்க வந்திருக்கியே, உன்னைய யாரும் ஏன்னு கேட்டாகளா?" என்றார் மாமன்.

முதல் நாள் சாப்பாட்டில் பெலாச்சான் சம்பல் இருந்தது. இறால் விழுதின் நாற்றம் தாங்காமல் அவன் மூக்கைப் பொத்தினான். பூங்காவனத்தின் ஒரே மகன் பொன்னுதுரை விழுந்து விழுந்து சிரித்தான். "மாக், இந்த ஆள் ஒரு மாசம் தாங்க மாட்டான்," என்றான். மாக் என்றால் அம்மா. பொன்னுதுரைக்கு நகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை. சொக்கப்பனைவிட நாலைந்து வயது மூத்தவன். தன் அறையில் பாதியையும் தன் சாரோங்கில் ஒன்றையும் கொடுத்து, சைக்கிளும் மலாயும் பழக்கி, அவன் உளறியதை எல்லாம் தெருவில் சொல்லிச் சிரித்து, எப்படியோ அவனை அந்த ஊரில் நடமாட வைத்துவிட்டான். வருடம் முடிவதற்குள் சொக்கப்பன் சம்பலுக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டினான். பூங்காவனத்தை மாக் என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அவளும் அவனை அனாக் என்றாள்; பிள்ளை என்று அர்த்தம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடியது, கப்பல் நின்றது, ஊரிலிருந்து கடிதம் நின்றது. மருந்து கிடைக்காமல் காய்ச்சலிலேயே மாமன் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்து, இனி எங்கே போவேன் என்று அழுதான் சொக்கப்பன்.

"எதுக்குப் போகணும்? உன் அறை உள்ளேதானே இருக்கு," என்றாள் பூங்காவனம். அவள் சொன்னது மலாயில்தான். ஆனால் அதற்குள் அவள் மலாய் அவன் காதில் தமிழாகவே விழப் பழகியிருந்தது.

அடுத்த வருடம் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிடிக்க வந்தார்கள். அந்த வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். சொக்கப்பன் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்திருந்தான். மாணவன் என்று விட்டாலும் விடுவார்கள், இழுத்துப்போனாலும் போவார்கள். பொன்னுதுரை யோசிக்கவே இல்லை. "நீ படிக்க வந்தவன், படி. நான் மூணு மாசத்துல வந்துடறேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய் லாரியில் ஏறிவிட்டான். வேண்டாம், நான் போகிறேன் என்று சொக்கப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று மாதம் என்றது ஒன்றரை வருடமாயிற்று.

மகன் வருவான் என்றே இருந்தாள் பூங்காவனம். பெட்டியில் இருக்கும் அவன் சட்டைகள் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதென்று அடிக்கடி எடுத்துத் துவைத்து, வெயிலில் போட்டு, மடித்து வைப்பாள்.

அந்தக் கார்த்திகையில், தெங்கேரா சந்தையில் மரவள்ளிக்கிழங்குக்கு நின்றுகொண்டிருந்த சொக்கப்பனை ஒருவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கலியாணசுந்தரம் என்று பெயர், ரப்பர் தோட்டத்து ஆள், சயாமிலிருந்து தப்பி வந்தவர். முழங்காலுக்குக் கீழே அத்தனையும் புண்.

"பொன்னுதுரை வீட்டுல இருக்கிற செட்டியார் தம்பிதானே நீங்க?" என்றார். "பொன்னுதுரை போயிட்டாப்ல தம்பி. காலரா. ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. குழிக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"வீட்டுக்கு வந்து மாக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"அந்தம்மா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கிறது? நீங்க சொல்லிடுங்க."

சொல்லிடுங்க என்று சொல்வது யாருக்கும் சுலபம். சொக்கப்பன் வீடு வந்தான், கொடியில் பொன்னுதுரையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, வாயை மூடிக்கொண்டான். மறுநாளும் அப்படியே. அவள் இடிந்துபோவாள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று, நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. உன்னால்தானே என் பிள்ளை போனான், உனக்கு இங்கே என்ன வேலை என்று அவள் கேட்டுவிட்டால்? அந்த வீட்டை விட்டால் அவனுக்கு நாதியில்லை. சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. என்ன உடம்புக்கு என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்றான்.

போகி நெருங்கியது. அன்றைக்குச் செட்டி வீடுகளில் பர்ச்சு வைப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு ஆளுக்கோர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். போனவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே ஒரு குஞ்சு நுழையக் கூடாது. பிறகு கதவைத் திறந்து, வீட்டில் இருப்பவர்கள் அந்த இலைகளிலேயே சாப்பிடுவார்கள். இலை கிடைக்காத ஆத்மா பசியோடு திரும்பிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. சொக்கப்பனுக்கு இதுதான் நெஞ்சை அறுத்தது. தான் வாயைத் திறக்காவிட்டால் பொன்னுதுரைக்கு இலை இல்லை. போகிக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று தினமும் முடிவு செய்தான், தினமும் சொல்லாமல் தூங்கினான்.

போகியன்று சாயங்காலம் பூங்காவனம் குளித்து, வெள்ளைக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, சாமி அறையிலிருந்து கூப்பிட்டாள். பஞ்சத்திலும் பிடிபிடியாக அரிசி சேர்த்து வைத்து வடித்திருந்தாள்; வீடெல்லாம் சோற்று வாசனை.

"இங்கே வா, அனாக். இந்த வருஷம் ஓர் இலை கூடப் போட்டிருக்கேன். யாருக்குன்னு உனக்கே தெரியும்."

எட்டிப் பார்த்தான். வழக்கமாக அவள் மாமனார், மாமியார், அப்பா, அம்மா, புருஷன் என்று ஐந்து இலை. இப்போது ஆறு. சொக்கப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன.

"யாரு சொன்னாங்க மாக்? கலியாணசுந்தரம் அண்ணன் வந்தாரா? ரொம்பக் கஷ்டப்படலேன்னு சொன்னாரு மாக். ஒரே நாள்தானாம். அவரே தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணினாராம். நான் சொல்லணும்னுதான் இருந்தேன், பொன்னுதுரையை நினைச்சா எனக்கு வாயே வரலை..."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"அது உன் மாமனுக்குப் போட்ட இலை," என்றாள் பூங்காவனம்.

அவள் கண் ஆறாவது இலையிலேயே நின்றது.

"நீ சரியாவே சாப்பிடலே. மாமனை நினைச்சு ஏங்கறேன்னு நினைச்சேன். வேற குலத்து ஆளுக்கு இலை போடக் கூடாதும்பாங்க. கோயில்ல பெரியவங்ககிட்ட கேட்டேன், ஆளுக்கொண்ணு சொன்னாங்க. இந்தப் பையன் என் வீட்டுப் பையன், அவன் மாமன் மட்டும் வெளியில பசியா நிக்கணுமான்னு நானே போட்டேன்."

சொக்கப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். சொன்னதைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒரு மாசம் ஆச்சு, மாக்."

"அந்த ஒரு மாசமும் அவன் சட்டையைத் துவைச்சேன். நீ பார்த்துக்கிட்டு இருந்தே."

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாழையில் நல்ல இலை எல்லாம் ஏற்கெனவே அறுத்தாகிவிட்டது. விரிந்தும் விரியாமல் இருந்த ஒரு குருத்தை அறுத்து வந்து, கழுவி, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கே போடறது? எல்லாரும் பெரியவங்க. இவன்தான் சின்னவன்," என்றாள். அவனிடம் கேட்டதா, தனக்குத்தானே சொன்னதா, தெரியவில்லை. கடைசியில் புருஷன் இலைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

பானையில் சோறு இல்லை. குனிந்து மாமனார் இலையிலிருந்து ஒரு கை எடுத்தாள். மாமியார் இலையிலிருந்து ஒரு கை. அப்பா, அம்மா, புருஷன் என்று ஒவ்வோர் இலையிலிருந்தும் எடுத்து எடுத்து மகன் இலையில் வைத்தாள். சோமசுந்தரம் செட்டியார் இலைக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க மாமனுக்கு இவ்வளவு வேணாம், மாக். எடுத்துக்கங்க," என்றான் சொக்கப்பன் அழுதுகொண்டே.

"விருந்தாளி இலையில கை வைக்கக் கூடாது," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அவள் படியில் உட்கார்ந்து தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டால் உள்ளே வந்திருப்பவன் சாப்பிடாமல் எழுந்துவிடுவான் என்று பயம். சொக்கப்பன் பக்கத்தில் போகப் பார்த்தான். அவள் கையால் தள்ளி நிறுத்தினாள்.

இருட்டியபிறகு எழுந்து கதவைத் திறந்தாள். மகனுடைய இலையை இரண்டு கையாலும் தூக்கி வந்து சொக்கப்பன் முன்னால் வைத்தாள்.

"மாக், இது என்னால முடியாது."

"வேற யாரு இருக்கா இதைச் சாப்பிட? சாப்பிடு. இன்னிக்கு எங்கிட்ட பேசாதே. நாளைக்குப் பேசு."

பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். மென்றுகொண்டே இருந்தான், விழுங்கவில்லை. அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இலை காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.