இரண்டாவது சிலிண்டர்

அந்த மாருதி ஷெட்டுக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, திரும்பவும் மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் எரியாமல் ஓடுகிறது. தொண்ணூற்றெட்டாம் வருடத்து வெள்ளை எண்ணூறு. நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை. சுந்தரபாண்டியன் மாமா இறங்கும்போதே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே சங்கிலி, மூணு பிளக்கும் புதுசுன்னு சொன்னியேலே. இதான் நீ வேலை பாக்குற லச்சணமா? நாளைக்குப் புரட்டாசி சனி. உங்க அத்தையைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைப் பெருமாள் கோயிலைத்தான் சொல்கிறார். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம்கூட இல்லை. ஆனால் மிஸ்ஸிங் வண்டியில் மாமா போகமாட்டார். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பழுதுள்ள வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே படித்த பாடம். வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கும் என் ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டு வருவார், அவ்வளவுதான். மெயின் ரோட்டில் ஏற்றமாட்டார்.

"செத்த நேரம் கழிச்சு வாங்க மாமா" என்று அனுப்பிவைத்தேன். எனக்கும் கோபம்தான். இருபது வருடத் தொழிலில் மிஸ்ஸிங்கோடு ஒரு வண்டி என் ஷெட்டை விட்டுப் போனதில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதல் வயரைப் பிடுங்கியதும் இன்ஜின் இன்னும் தள்ளாடியது. அப்படியென்றால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைப் பிடுங்கினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்துக் கிடந்தது அதுதான். பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. நுனியில் பொறி தாவுவதற்கு இருக்க வேண்டிய இடைவெளி இல்லை, ஒட்டி மூடியிருந்தது. போன தடவையும் இதே பிளக்தான் இப்படி இருந்தது. மாட்டும்போது நான்தான் கீழே போட்டிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு சரிசெய்தேன். இந்தத் தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மஞ்சள் அப்பியிருந்தது. சமையல் மஞ்சள் இல்லை, குளிக்கிற மஞ்சள். ஒரு விரல் அகலம்.

சுந்தரம்மாள் அத்தை கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிட்டாள். மாமா மூன்றாம் தடவை வண்டியை எடுத்ததுமே அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் பிளக்கை நீட்டினேன். அவள் அதைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள்.

"வாசப்படியில வச்சு ரெண்டு தட்டு தட்டினேன்யா. அவிய வேலை பாக்கையில நாப்பது வருசமா ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவதான நானு. எது எங்க இருக்குன்னு தெரியாதா?"

"எதுக்கு அத்தை?"

"நீ புது பிளக் மாட்டுன மறுநாள், வில்லிபுத்தூருல பால்கோவா வாங்கிட்டு வாரேன்னு போனாவ. பொழுது சாயுற வரைக்கும் ஆளக் காணோம். கடைசில பிளவக்கல் டேம்ல இருந்து யாரோ போன் பண்ணினாக. ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தாவளாம். என்னன்னு கேட்டா, முன்னால போற லாரி நகரட்டும்னு காத்திருக்கேன்னாவளாம். முன்னால ஒரு வண்டியும் இல்ல."

வண்டி சும்மா பூ மாதிரி ஓடுது என்று அதற்கு முந்தின நாள் அவரிடம் சாவியைக் கொடுத்தவன் நான்தான். பெருமையாக வேறு கொடுத்தேன்.

"சாவிய ஒளிச்சு வைக்க வேண்டியதுதான அத்தை? ஊருல என் பேரு நாறுது."

"சாவிய ஒளிச்சா அவியளுக்குக் கோளாறுன்னு ஆயிரும். வண்டி மிஸ்ஸிங்குன்னா வண்டிக்குத்தான கோளாறு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூடுனபடியே மாட்டிருய்யா."

அவள் போன பிறகு ரொம்ப நேரம் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றே கெட்ட வேலை பார்ப்பது நல்ல வேலை பார்ப்பதைவிடக் கஷ்டம். கை வரவேயில்லை. அப்புறம் மாட்டினேன்.

சாயங்காலம் மாமா வந்து இன்ஜினை ஓடவிட்டார். பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது சிலிண்டர்" என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டு, என் ஸ்பேனரை எடுத்து அவரே அந்தப் பிளக்கைக் கழற்றினார். மரை பிசகவில்லை. சட்டை நுனியால் பிடித்து மூடிய நுனியைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். துடைக்காமல் மாட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. எதிர்த்த சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"பிளவக்கல்லுக்கு நான் போனதா உங்க அத்தை சொல்றாளே, நெசந்தானா?"

"ஆமா மாமா."

பிளக்கைத் திரும்ப அதே இடத்தில் வைத்து முறுக்கினார். வயரை மாட்டினார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு எனக்குப் புரியுது. நாளைக்கு இது நெனப்புல இருக்குமோ என்னமோ. நான் திரும்ப வந்து வைவேன். வாங்கிக்கிடு. எம்புட்டு வஞ்சாலும் இதை மட்டும் சரி பண்ணிராதலே."

மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் கோயிலுக்குப் போய்வந்ததாக அத்தை போனில் சொன்னாள். எனக்குத் துளசி எடுத்துவைத்திருக்கிறாளாம்.

அடுத்த வியாழக்கிழமை மாருதி நடுங்கிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தது. மாமா இறங்கினார். முகத்தில் அந்தச் சாயங்காலத்தின் சுவடே இல்லை.

"ஏலே சங்கிலி, என்னலே மாட்டுன? மிஸ்ஸிங் ஆகுது பாரு. சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போகணும்லே."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். பட்டாளத்தில் கற்ற வசவையெல்லாம் அவர் ஒன்று விடாமல் வைதார். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பிளக்கைக் கழற்றி, இந்தத் தடவை மஞ்சளைச் சுத்தமாகத் துடைத்து, மூடியபடியே திரும்ப மாட்டினேன். "பார்ட்ஸ் மதுரையிலிருந்து வரணும் மாமா, அடுத்த வாரம் ஆகும்" என்றேன். "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வெளியே வந்து நின்று பார்த்தேன். தெருமுனையில் வண்டி நின்றது. இடது பக்கம் வீட்டுக்கு, வலது பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு. எந்த இன்டிகேட்டரும் எரியவில்லை. குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை. இரண்டு சிலிண்டரில் தள்ளாடிக்கொண்டு அந்த இன்ஜின் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஸ்பேனரோடு நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.