கூடுதல் பொறுப்பு

பதினோரு மணி டீ வந்தது. பியூன் சங்கிலி, தூக்குவாளியும் கண்ணாடி டம்ளர்களுமாகக் கட்டடப் பிரிவுக்குள் நுழைந்தான். வழக்கமாக முதல் டம்ளர் தலைமை எழுத்தர் ஹாலாஸ்யத்தின் மேஜைக்குத்தான் வரும். அன்று சங்கிலி அவரைத் தாண்டிப் போய், தட்டிக்கு அப்பால் இருந்த அறையில் முதல் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினான். ஹாலாஸ்யத்துக்கு இரண்டாவதாகக் கிடைத்தது. அவர் அதைத் தொடவில்லை. ஏடு படிந்து ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். மதுரையிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருந்த சின்ன நகராட்சி. தேர்தல் நடக்காததால் கவுன்சில் கிடையாது. தனி அதிகாரி வைத்ததே சட்டம். நகரமைப்பு ஆய்வாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. சர்வேயர் வேலையும் காலி. குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. மேலே எழுதிக் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். கடைசியில் தனி அதிகாரி ஓவர்சீயர் நல்லகாமனைக் கூப்பிட்டு, “ஆள் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நீங்களே பாருங்க” என்று மூன்று வேலையையும் அவர் தலையில் வைத்து, தட்டிக்கு அப்பால் இருந்த ஆய்வாளர் அறையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்.

நல்லகாமன் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலைக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஹாலாஸ்யமோ அந்த ஆபீஸிலேயே தலை நரைத்தவர். அந்த அறை தனக்குத்தான் என்று மனசுக்குள் எப்போதோ குடிபோய்விட்டிருந்தார்.

“நேத்திக்கு வந்தவன். அவனுக்கு நான் ஃபைல் எடுத்துக் கொடுக்கணுமாம்” என்று வீட்டில் மனைவி ஸ்யாமளாவிடம் பொருமினார்.

ஸ்யாமளா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “அதுக்கு ஏதோ பரீட்சை எழுதணும்னேளே. அவர் எழுதினார். நீங்க எழுதலை. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அது முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு நல்லகாமன் எது செய்தாலும் ஹாலாஸ்யத்துக்குப் பொறுக்கவில்லை. அவர் சிரித்தால் கர்வம். “சார்” என்று மரியாதையாகக் கூப்பிட்டால் நடிப்பு. வெயிலில் அலைந்துவிட்டு வந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க அந்த மின்விசிறியின் கீழே உட்கார்ந்தால், தன் காற்றை யாரோ திருடிவிட்டதுபோல் இருந்தது.

அந்தக் கோடையில் வெள்ளைத்துரை என்பவர் கால்வாய்க்கரைத் தெருவை ஒட்டி நிலம் வாங்கி, சாயப்பட்டறை வைக்க விண்ணப்பம் கொடுத்தார். நகரத் திட்டத்தில் அது குடியிருப்புப் பகுதி. தொழிற்பகுதியாக மாற்றினால்தான் பட்டறை வைக்க முடியும். மாற்றுவதற்கு முன்னால் தெருவில் தண்டோரா போட்டு, ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும்.

“சார், எனக்குக் குழாய் உடைப்ப பாக்கவே நேரம் பத்தல. இந்தத் தண்டோரா விஷயத்தை மட்டும் நீங்க பாத்துக்கிருங்க. உங்களுக்குத் தெரியாததா?” என்று நல்லகாமன் கோப்பை அவர் கையில் கொடுத்தார்.

“பாத்துக்கறேன்” என்றார் ஹாலாஸ்யம்.

தண்டோராக்காரனை அவர் கூப்பிடவில்லை. அறிவிப்பை ஆபீஸ் பலகையில், பழைய ஏல விளம்பரங்களுக்கு நடுவே ஒட்டச் சொன்னார். பின்னால் கேள்வி வந்தால் பொறுப்பில் இருப்பவன்தானே பதில் சொல்ல வேண்டும்? கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது. அந்தத் தெருவையோ அதன் கிணற்றையோ அவர் நினைக்கவே இல்லை.

கால்வாய்க்கரைத் தெருவில் எருமை வைத்துப் பால் கறந்து விற்கும் ஒச்சாயி, நிலத்தை அளப்பதைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு வந்தாள்.

“சாமி, எங்க கெணத்துக்குப் பக்கத்துல சாயப்பட்டற வருதுன்றாக. அது வந்தா நாங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறது? யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்?”

“அந்த ஸீட்டுக்கு ஆள் இல்லம்மா. நல்லகாமன்தான் பாக்கறார். அவர் வெளியில போயிருக்கார்.”

“எப்ப வருவாரு?”

“எனக்குத் தெரியாது.”

மறுபடியும் வந்தாள். நல்லகாமன் மேட்டுத்தெருவில் உடைந்த குழாயோடு போராடிக்கொண்டிருந்தார். மறுபடியும் அதே பதில். மனுவைத் தன்னிடமே கொடுக்கலாம் என்று ஹாலாஸ்யம் சொல்லவில்லை. மனு கொடுக்கும் கெடு முடிந்ததும், ‘ஆட்சேபணை ஏதும் வரவில்லை’ என்று தன் முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தார். அவர்மேல் இருந்த நம்பிக்கையில் நல்லகாமன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

பட்டறை வந்தது. ஐப்பசி மழையில் சாயக்கழிவு நிலத்தில் இறங்கி, கால்வாய்க்கரைக் கிணற்றுத் தண்ணீர் கத்திரிப்பூ நிறமாயிற்று. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சிலரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெருவே திரண்டு வந்து, தனி அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் வெறுங்குடங்களோடு உட்கார்ந்தது.

விசாரணையில் தனி அதிகாரி கேட்டார்: “தண்டோரா போட்டீங்களா?”

நல்லகாமன் ஒரு கணம் ஹாலாஸ்யத்தைப் பார்த்தார். ஹாலாஸ்யம் ஜன்னலைப் பார்த்தார்.

“போட்டாகளான்னு நான் போய்ப் பாக்கல சார். கையெழுத்து என்னுது. தப்பு என்னுதுதான்.”

நல்லகாமனை வாடிப்பட்டிப் பக்கம் மாற்றினார்கள். சம்பள உயர்வும் நின்றது. கூடுதல் பொறுப்பும் அறையும் ஹாலாஸ்யத்துக்கு வந்தன. பரீட்சை எழுதாதவர்தான், ஆனால் வேறு ஆள் இல்லை. முதல் டம்ளர் டீயும் வந்தது. குடித்தார். ருசிக்கவில்லை. ‘தப்பு என்னுதுதான்’ என்று தலை நிமிர்ந்து சொன்ன அந்தக் குரல் காதிலேயே நின்றது. தன்னால் அப்படிச் சொல்ல முடியவில்லையே என்று அதற்கும் அவர் நல்லகாமன்மேல் பொறாமைப்பட்டார்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனி அதிகாரி கேட்ட அறிக்கைக்காக அவர் கால்வாய்க்கரைத் தெருவுக்குப் போனார். ஒச்சாயி எருமைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம்போல் நிறங்கள் நெளிந்தன. வெயிலில் நடந்து வந்த களைப்பில் அவருக்குத் தலை சுற்றியது.

“உக்காருங்க சாமி” என்று சொல்லி, ஒச்சாயி உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தயங்கியதைப் பார்த்துவிட்டு, “பயப்படாமக் குடிங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போயி எடுத்தாந்த நல்ல தண்ணி. எம் பேத்திக்கு வச்சிருந்தது. அவளுக்குத்தேன் இன்னும் ஒடம்பு தேறல” என்றாள்.

உள்ளே பாயில் ஒரு சிறுமி சுருண்டு படுத்திருந்தாள். கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. ஹாலாஸ்யம் செம்பை வாங்கினார். குடிக்காமலே கீழே வைத்தார்.

“கொஞ்ச நாள்ல குழா வந்துரும் சாமி. அந்த நல்லகாமன் தம்பி ஞாயித்துக்கெழமையானா பஸ் ஏறி வந்துருது. மேட்டுத்தெருவுல இருந்து குழா இழுக்க அளந்து, மனு எழுதிக் குடுத்துருக்கு. ‘ஒனக்கென்னப்பா, ஒன்னையத்தேன் மாத்திட்டாகள்ல’ன்னேன். ‘ஒங்க தண்ணி கெட்டது என் கையெழுத்துல, அத நான்தான் சரிபண்ணணும்’னு சொல்லுச்சு.”

ஹாலாஸ்யம் எழுந்தார். அறை இப்போது தன்னிடம் இருக்கிறது. ஃபேன் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. நல்லகாமனிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அவனைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. இத்தனை நாளும் தான் எரிந்தது அந்த அறைக்காக அல்ல, அந்த மனுஷனைப் பார்த்துத்தான் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது. அந்த எரிச்சலில் வெந்தது நல்லகாமன் மட்டுமல்ல, பாயில் கிடக்கும் இந்தக் குழந்தையும்தான்.

மறுநாள் காலை தனி அதிகாரியிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். “தண்டோரா போடாதது நான். அந்தத் தெருவிலேர்ந்து ஒச்சாயி ரெண்டு தடவை வந்தா. திருப்பி அனுப்பினதும் நான்தான். நல்லகாமன்மேல பொறாமை சார். வேற காரணமே இல்லை.”

தனி அதிகாரி கத்தவில்லை. மேலே எழுதினார். ஹாலாஸ்யத்தின் பொறுப்பும் இரண்டு வருஷச் சம்பள உயர்வும் போயின. தண்டோராவே போடவில்லை என்று ஆனதால் பகுதி மாற்றம் ரத்தாகி, பட்டறையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கிணறு மட்டும் தெளியவில்லை. அதைக் கல் வைத்து மூடிவிட்டு, மேட்டுத்தெருவிலிருந்து குழாய் இழுத்தார்கள்.

ஹாலாஸ்யம் ஒருநாள் வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினார். வேலை நடக்கும் இடத்தில், ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் நல்லகாமன். “என்னை மன்னிச்சுடுப்பா” என்று ஹாலாஸ்யம் கை கூப்பினார்.

நல்லகாமன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“நீங்க தண்டோரா போடாமலே எழுதிவச்சதுன்னு எனக்கு விசாரணை அன்னைக்கே தெரியும் சார். பாக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அத விடுங்க. என்மேல ஆத்திரம்னா என்னைய நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பேசாமக்கூட இருந்திருக்கலாம். ஆபீஸ்ல நமக்குள்ள ஆயிரம் இருக்கும் சார், அது மேஜைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மனுவோட நிக்கிறவுக என்ன பாவம் செஞ்சாக? ஆள் இல்லாத ஸீட்டக்கூட ஜனங்க பொறுத்துக்குவாக. ஆள் இருந்தும் பொறாமையில வேலை பாக்காம இருந்தா, அதுல அழியிறது ஊருதான்.”

ஹாலாஸ்யம் தலையசைத்தார். நல்லகாமன் தன் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி, பக்கத்தில் கிடந்த சிமெண்ட் குழாயின் மேல் விரித்தார்.

“வெயில்ல நிக்காதீக. உக்காருங்க சார்” என்றார்.