பொக்குச் சத்தம்

ரசமட்டத்தின் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வரமாட்டேன் என்றது. நான் பதித்த நாலாவது டைல்ஸ் கல் அது. அப்பா குனிந்து பார்த்தார். ரப்பர் சுத்தியலால் நாலையும் தட்டினார். நாலும் பொக்கு பொக்கென்றன. அடியில் கலவை நிரம்பாத கல் அப்படித்தான் ஒலிக்கும். நாளைக்கு எவனாவது அழுத்தி மிதித்தால் உடையும்.

"எடு. எல்லாத்தையும் எடு."

காலையில் என்னை இந்தக் கட்டட வேலைக்குக் கூட்டிவந்ததே தண்டனைக்குத்தான். ஒன்பதாவதில் இரண்டாம் தடவையும் கணக்கில் கோட்டை விட்டிருந்தேன். திங்கட்கிழமை மறுபடி அதே வகுப்பு, அதே பெஞ்சு, என் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு. "படிக்கலன்னா என்ன கதின்னு கண்ணால பாரு" என்று அப்பா சொன்னபோது, சித்தாள் அக்கா கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் மேஸ்திரி, பிள்ளைய பயமுறுத்த நாங்கதான் கெடச்சமா?"

அப்பாவுக்கு ஒன்று தெரியாது. எனக்கு இது தண்டனையாகவே படவில்லை. படிப்பு ஏறாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று ஒரு தைரியத்தை யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தேன். விடைத்தாளை டீச்சர் தூக்கிக் காட்டி வகுப்பே சிரிக்கும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். மேஸ்திரி மகள், ரத்தத்தில் இருக்கும். இல்லை. கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். ஒரு கல்லின் மூலையைப் பெயர்த்தேன். நூலுக்கு நேராக வைத்தது எனக்கு மட்டும்தான் நேராகத் தெரிந்தது. இருந்த ஒரு பிடிமானமும் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

அப்பா கல்லை நெம்பி எடுத்து அடியில் இருந்ததைக் கொத்துக்கரண்டியால் சுரண்டினார்.

"படிப்பும் வரல, இதுவும் வரல. எதுக்குத்தான்டி ஆவ நீ?"

"தெரியலப்பா. அங்கயும் ஆகல, இங்கயும் ஆகல. வேற எங்க போறது, நீயே சொல்லு."

எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டேன். அப்பா கரண்டியில் ஒட்டியிருந்ததைத் தட்டி உதறினார்.

"இத்தனை வருஷத்துல என் கல்ல ஒருத்தன் எடுக்கச் சொன்னதில்ல" என்றார், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல்.

"ஆமா, பொறக்கும்போதே கரண்டியோட பொறந்தாரு" என்றாள் அக்கா.

"நீ சட்டியத் தூக்கு." சுத்தியலை வீசாத குறையாக என்னிடம் நீட்டினார். "வைக்கத்தான் தெரியல, காதாவது கேக்குதுல்ல? நேத்து நான் பதிச்சதத் தட்டிக்கிட்டே வா. பொக்குன்னா சொல்லு."

முட்டி போட்டு வரிசையாகத் தட்டினேன். திண், திண், திண். எல்லாம் கெட்டி. எரிச்சலாக வந்தது. ஜன்னலோரம் ஒரு கல் பொக்கென்றது.

கை அப்படியே நின்றது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கலவை குழைத்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். தலைத்துண்டின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி தட்டினேன். பொக்கு.

கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.